பொறிக்குள் பொறி



நான் வாழ்நாளெல்லாம் வரலாறு கற்பித்தவன். கணிப்பொறியைப் பற்றிப் பேச இவருக்கு என்ன உரிமை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமானதே. ஆதலால், இத்துறைக்குள் நான் வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1998-ஆம் ஆண்டில், நான் பணியாற்றிய பள்ளியின் வரலாற்றைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய பதிவேடுகள், ஆய்வாளர்கள் எழுதிச் சென்ற குறிப்புகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாய்மொழியாகச் சொன்ன செய்திகள் ஆகியவற்றை ஓராண்டுக் காலம் திரட்டினேன். அலுவலகத்திற்குப் புதிதாக வந்திருந்த கணிப்பொறியில் அவற்றைத் தட்டச்சுச் செய்து, இரண்டு நெகிழ்வட்டுகளில் காப்பாற்றி வைத்தோம். நூலாக அச்சிடப் பணம் கூடவில்லை. வட்டுகள் என் மேசை இழுப்பறையில் உறங்கின.

ஓய்வுபெற்ற பின்னர் ஒரு நாள், அவற்றிலிருந்த கோப்புகளைப் புதிய கணிப்பொறியில் திறந்து பார்த்தேன். திரையில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ரோமன் எழுத்துகளும் இனம் தெரியாத குறிகளும் பக்கம் பக்கமாக நிறைந்து கிடந்தன. அக்காலத்தில் தமிழ் எழுத்துருச் செய்தவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய எண்ணைத் தமிழ் எழுத்துக்குக் கொடுத்திருந்தனர். எங்கள் எழுத்துருவைச் செய்து விற்றவர் தொழிலை விட்டுவிட்டார். எனக்குச் செய்தி சொன்ன முதிய ஆசிரியர்களோ, ஒருவர் பின் ஒருவராக மறைந்துவிட்டனர். மீண்டும் கேட்டு எழுத வழியில்லை.

என் பழைய மாணவர் ஒருவர் பார்க்க வந்திருந்தார். அவரிடம் முறையிட்டேன். "ஐயா, கோப்பு கெடவில்லை. அதைப் படிக்கத் தெரிந்த பொறிதான் இல்லாமற்போயிற்று. அந்தப் பொறியை உங்கள் பொறிக்குள்ளேயே எழுப்பித் தருகிறேன்" என்றார் அவர். அன்று மாலைக்குள் என் திரையின் நடுவே ஒரு சாளரம் திறந்தது. அதற்குள் 1998-ஆம் ஆண்டின் விண்டோஸ் எழுந்து நின்றது. இரண்டாம் வட்டில் இருந்த எழுத்துருவை அதில் சேர்த்ததும், நான் தொலைந்ததாகக் கருதிய பக்கங்கள் தெளிந்த தமிழில் தோன்றின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன் என்பதை மறைப்பானேன்?

'மெய்நிகர்ப் பொறி' என்னும் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேள்வியுற்றேன்.

அஃது என்ன என்பதை ஓர் உவமையால் விளக்கலாம். கணிப்பொறி என்பது வெறும் உடல். அதற்குள் நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டில் எழுதுவது, திரையில் காட்டுவது ஆகிய ஆட்சிப் பணிகளைச் செய்யும் நிரற்றொகுதிக்கு இயக்க முறைமை என்று பெயர். ஓர் உடலுக்கு ஓர் ஆட்சியே உண்டு. இனி, தெருக்கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரசன் வேடம் தரித்தவர் மேடையில், "கருவூலத்தைத் திறவுங்கள்" என்று ஆணையிடுகிறார். ஊரை உண்மையில் ஆள்பவர் அவரல்லர். திரைக்குப் பின்னால் நிற்கும் கூத்து வாத்தியார் அந்த ஆணையைக் கேட்டு, தங்கத்தாள் ஒட்டிய ஒரு பெட்டியை மேடைக்கு அனுப்புகிறார். அரசர் மனநிறைவோடு கதையைத் தொடர்கிறார். ஊரார் சொத்துக்கு யாதொரு சேதமும் இல்லை. மெய்நிகர்ப் பொறியில் இயங்கும் முறைமையும் இத்தகைய மேடை அரசனே. தான் முழுப் பொறியையும் ஆள்வதாக அது நம்புகிறது. அதன் ஆணைகளைப் பின்னிருந்து ஒரு மேலாளர் நிரல் வாங்கி நிறைவேற்றிவைக்கிறது.

இது நேற்று முளைத்த புதுமை என்று நானும் எண்ணியிருந்தேன். தேடிப் படித்தபோதுதான், இதற்கு 60 ஆண்டு வரலாறு உண்டு என அறிந்தேன். 1960-களின் தொடக்கத்தில் கணிப்பொறி ஒன்று ஒரு கூடத்தையே அடைத்துக்கொள்ளும். துளையிட்ட அட்டைகளில் நிரலை எழுதிக் கொடுத்துவிட்டு, விடைக்காகப் பல மணி நேரம், சில வேளை மறுநாள் வரையிலும் காத்திருத்தல் வேண்டும். ஒரே பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் 'காலப் பங்கீடு' என்னும் முறையை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ 1961-இல் இயக்கிக் காட்டினார். அக்கழகம் தன் அடுத்த பெருந்திட்டத்திற்குப் பொறி தேடியபோது, ஐ.பி.எம். நிறுவனத்தை விடுத்து ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைத் தேர்ந்தது. அந்த ஏமாற்றம் ஐ.பி.எம்.-இன் கேம்பிரிட்ஜ் ஆய்வு நிலையத்தில் ஒரு சிறு குழுவினரை வேறு வழியில் சிந்திக்கத் தூண்டியது.

ராபர்ட் கிரீசி தலைமையிலான அக்குழுவினர் எண்ணியது மிக எளிது. பொறியைப் பலருக்கும் பங்கிட்டுத் தருவது கடினமானால், ஒவ்வொருவருக்கும் முழுப் பொறி ஒன்று இருப்பதாகவே தோற்றம் தந்துவிட்டால் என்ன? சி.பி.-40 என்று பெயரிட்ட அவர்களது முறைமை 1967 சனவரியில் பணிக்கு வந்தது. ஒரே பொறி 14 பொறிகளாகத் தோன்றியது. நிறுவனத்தின் தலைமை பெரும்பொருள் செலவிட்டு உருவாக்கிய வேறொரு காலப் பங்கீட்டு முறைமை தட்டுத் தடுமாறிக்கொண்டிருக்க, மூலையில் இருந்த சிறு குழுவின் படைப்பு நிலைபெற்றது. 1972-இல் வி.எம்./370 என்னும் பெயரில் அதன் வழித்தோன்றல் விற்பனைக்கு வந்தது. அம்மரபு ஐ.பி.எம்.-இன் பெரும்பொறிகளில் இன்றும் அற்றுப்போகவில்லை.

வீட்டுக் கணிப்பொறிக்கு இவ்வித்தை வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. காரணம் சுவையானது. மேடை அரசன் அதிகாரமுள்ள ஆணை ஒன்றைக் கூறும்போதெல்லாம் திரைக்குப் பின்னால் மணி அடித்தாக வேண்டும். அப்போதுதான் வாத்தியார் தலையிட முடியும். ஒரு பொறி இவ்வித்தைக்கு இணங்குவதற்கு வேண்டிய நிபந்தனைகளை 1974-இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் என்னும் இருவர் முறைப்படி வகுத்துரைத்தனர். நம் வீட்டுக் கணிப்பொறிகளில் இருக்கும் இன்டெல் வகைச் செயலியோ அந்நிபந்தனைக்கு அடங்கவில்லை. அதிகாரமுள்ள ஆணைகளுள் சில, மணி அடிக்காமலே கடந்துபோயின. இன்னவை என்று 2000-ஆம் ஆண்டில் ஆராய்ந்தவர்கள் அத்தகைய ஆணைகள் 17 எனக் கணக்கிட்டனர்.

1998-இல் தொடங்கப்பெற்ற வி.எம்.வேர் நிறுவனத்தார் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். நடிகர் வாய் திறப்பதற்கு முன்னரே வசன ஏட்டை வாங்கிப் பார்த்து, தொல்லை தரும் வரிகளை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டால் மணியே தேவையில்லை அன்றோ? அவ்வாறே, நிரலை ஓட ஓட மொழிபெயர்த்துத் தரும் கருவியை 1999-இல் வெளியிட்டனர். 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் மணியைச் செயலிக்குள்ளேயே பொருத்திவிட்டன. பிரான்சு நாட்டு பாப்ரீஸ் பெல்லார் 2003-இல் வெளியிட்ட 'கியூ-எமு', 2007-இல் மூல நிரலோடு திறந்துவிடப்பட்ட 'வர்ச்சுவல் பாக்ஸ்' ஆகியவை விலையின்றிக் கிடைக்கலாயின. என் போன்ற ஓய்வூதியக்காரரின் மேசைக்கும் மேடை வந்து சேர்ந்தது.

பள்ளி வரலாற்றை மீட்ட பிறகு நான் அடங்கியிருக்கலாம். ஆனால் ஒரு பேராசை பற்றிக்கொண்டது. வரலாற்று ஆசிரியனுக்கு ஒரு மாறாத குறை உண்டு. 1757-இல் பிளாசிப் போரில் தோற்ற சிராஜ்-உத்-தௌலாவை எழுப்பி, "நீங்கள் வென்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்க இயலாது. வென்றவர் எழுதியவற்றைக்கொண்டு தோற்றவரை ஊகித்தல் வேண்டும். கணிப்பொறி வரலாற்றில் மட்டும் தோற்றவரை எழுப்பி உட்காரவைத்துப் பேசலாம்! விண்டோஸ், ஆப்பிள், லினக்ஸ் ஆகியவற்றைத் தவிர உலகில் வேறொன்றும் இருந்ததில்லை என்று நம்பியிருந்த நான், ஒவ்வொன்றாக எழுப்பத் தொடங்கினேன்.

முதலில் எழுப்பியது ஹைக்கூ. 1990-களில் ஜான் லூயி காசே என்பவர் நிறுவிய பீ நிறுவனத்தார், பழைமையின் சுமை ஏதுமின்றிப் புதிதாக ஓர் இயக்க முறைமை செய்தனர். ஒரே நேரத்தில் பல ஒலி, ஒளிப் படங்களைத் தடங்கலின்றி ஓட்டுவது அதன் பெருமை. 1996-இல் ஆப்பிள் நிறுவனம் நலிவுற்றிருந்தது. தனக்கென ஒரு முறைமையை வெளியில் வாங்க எண்ணிப் பீ நிறுவனத்தோடு பேரம் பேசிற்று. விலை படியவில்லை. ஆண்டின் முடிவில் ஆப்பிள் 40 கோடி டாலருக்கு மேற்பட்ட விலைக்கு நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கியது. அதனோடு ஸ்டீவ் ஜாப்சும் திரும்பி வந்தார். பிறகு நடந்ததை உலகம் அறியும். பீ நிறுவனத்தின் உடைமைகளோ 2001-இல் 1 கோடியே 10 இலட்சம் டாலருக்குப் பாம் நிறுவனத்திடம் சென்றன.

அவ்வாண்டே அதன் அன்பர்கள் சிலர், இறந்த முறைமையை முதலிலிருந்து மீண்டும் எழுதத் துணிந்தனர். 2004 முதல் அதன் பெயர் ஹைக்கூ. முதற் சோதனைப் பதிப்பு 2009-இலும், ஐந்தாம் பீட்டாப் பதிப்பு 2024-இலும் வெளிவந்தன. ஊதியம் கருதாமல், ஒரு தலைமுறைக் காலம் பலர் கூடி ஒரு பாழடைந்த மாளிகையைச் செங்கல் செங்கலாகக் கட்டியெழுப்புவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. என் பழைய கணிப்பொறியில், பொறிக்குள் பொறியாக இருந்தும், அது விழித்தெழுந்த விரைவு வியப்பளித்தது. அதன் வட்டில் ஒவ்வொரு கோப்பும் தன் குறிப்புகளைத் தன்னோடே சுமந்து நிற்கும். நூலக அட்டையைத் தேடுவதுபோல் தேடி எடுக்கலாம். இப்பகுதியை உருவாக்கிய டொமினிக் ஜியாம்பாவ்லோ பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்திற்கே சென்று, அங்கே கோப்புத் தேடும் பணியில் பங்கேற்றார் என்பதும் கருதத்தக்கது.

ஆசிரியனாகிய என்னை மிகவும் கவர்ந்தது மினிக்ஸ். யூனிக்ஸ் என்னும் முறைமையை 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் தொடங்கினார். பல்கலைக்கழகங்கள் அதன் மூல நிரலையே பாடமாக வைத்து நடத்தின. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிம விதிகள், மூல நிரலை வகுப்பில் கற்பிப்பதைத் தடுத்துவிட்டன. பாடநூலைப் பறித்துக்கொண்டால் ஆசிரியன் என்ன செய்வான்? ஆம்ஸ்டர்டாம் நகரப் பேராசிரியர் ஆண்ட்ரூ தானென்பாம் தாமே ஒரு முறைமையை எழுதி, ஏறத்தாழ 12,000 வரி நிரலைத் தம் பாடநூலின் பின்னிணைப்பாகவே அச்சிட்டு 1987-இல் வெளியிட்டார். அந்நூலைப் படித்து, அம்முறைமையைத் தம் கணிப்பொறியில் நிறுவிப் பயின்ற ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல் லினக்சைத் தொடங்கினார். மறு ஆண்டே பேராசிரியர், இவ்வமைப்பு காலங்கடந்தது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். மாணவர் பணியாமல் விடையிறுத்தார்.

அவர்கள் வழக்கு இதுதான். ஆட்சிப் பணிகள் அனைத்தும் ஒரே பெருநிரலுக்குள் அடங்கலாமா? அன்றி மையத்தைச் சிறிதாக்கி, மற்றப் பணிகளைத் தனித்தனி ஊழியரிடம் விடவேண்டுமா? முதல்வகைப் பள்ளியில் தலைமையாசிரியரே மணியடித்து, கணக்கெழுதி, பாடமும் நடத்துவார். பணி விரைந்து நடக்கும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கு விடுமுறை. இரண்டாம் வகையில் கடிதப் போக்குவரத்து மிகும். ஆனால் ஒருவர் வீழ்ந்தால் மற்றொருவர் வருவார். 2005-இல் வந்த மூன்றாம் மினிக்சில், பழுதான ஊழிய நிரலைத் தானே கண்டறிந்து மீண்டும் எழுப்பும் பகுதி ஒன்று உண்டு. அதற்குப் 'மறுபிறவிப் பணியாளர்' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். உலகச் சந்தை மாணவரின் பக்கம் நின்றது. ஆயினும் 2017-இல் ஒரு செய்தி வெளியாயிற்று. இன்டெல் நிறுவனம் தன் செயலிகளை மேற்பார்க்கும் உட்பொறியில், எவருக்கும் சொல்லாமல், மினிக்சையே வைத்திருந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்ற கருத்துப்படப் பேராசிரியர் திறந்த மடல் எழுதினார். எழுதியவரின் மனத்தாங்கல் எந்த ஆசிரியருக்கும் விளங்கும்.

ரியாக்ட் ஓ.எஸ்., பிரீடாஸ், ஒரு நெகிழ்வட்டுக்குள் அடங்கும் மெனுவெட் போன்றவற்றையும் எழுப்பிப் பார்த்தேன். இவற்றுள் முதல் இரண்டும் மற்றொன்றைப் போலச் செய்தவை. பயன் உண்டு, ஆனால் அவை எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

ஓபெரான் சொன்னது. பாஸ்கல் மொழியைத் தந்த சுவிட்சர்லாந்துப் பேராசிரியர் நிக்லாஸ் விர்த், யுர்க் குட்கினெக்ட் என்பவரோடு சேர்ந்து 1986 முதல் 1989 வரை இதை உருவாக்கினார். பொறி, மொழி, மொழிபெயர்ப்பி, இயக்க முறைமை அனைத்தும் சூரிக் நகரத்து ஒரே நிலையத்தின் கைவேலை. இருவர் எழுதி, ஒருவர் முழுவதும் படித்து உணரத்தக்க அளவில் முறைமை இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றைய முறைமைகளை முழுதும் அறிந்த மனிதர் உலகில் ஒருவரும் இலர். திரையில் எழுதப்பட்டுள்ள எந்தச் சொல்லும் அங்கே ஆணையாகலாம். அச்சொல்லைச் சுட்டியால் அழுத்தினால் போதும். முதல் நாள் எனக்கு ஒன்றும் பிடிபடாமல் எரிச்சல்தான் வந்தது. மூன்றாம் நாள் பொத்தான்களும் பட்டியல்களும் எதற்கு என்று தோன்றியது. 2013-இல், தம் 79-ஆம் வயதில், விர்த் அம்முறைமை முழுவதையும் புதியதொரு செயலிக்காக மீண்டும் எழுதினார். செயலியையும் அவரே வரைந்தார். 2024 சனவரி முதல் நாள் மறைந்தார்.

இறுதியாக, நான் பெரிதும் கடன்பட்ட முறைமைக்கு வருகிறேன். யூனிக்ஸைப் படைத்த பெல் ஆய்வகத்தாரே, அதன் குறைகளை நீக்கிப் புதிதாக ஒன்று செய்ய விரும்பினர். கென் தாம்சன், ராப் பைக் முதலானோர் 1980-களின் பிற்பகுதியில் அதைத் தொடங்கினர். மோசமான படம் என்று பெயரெடுத்த ஒரு பழைய திரைப்படத்தின் பெயரை ஒட்டி, 'பிளான் 9' என்று விளையாட்டாகப் பெயரிட்டனர். சாளரம், சுட்டி, தொலைவிலுள்ள பிற பொறி எதுவாயினும் அதைக் கோப்பாகவே காட்டுதல் அதன் இலக்கணம். 1992-இல் பல்கலைக்கழகங்களுக்கும், 1995-இல் சந்தைக்கும் வந்தது. 2000-ஆம் ஆண்டில்தான் மூல நிரல் பொதுவில் திறக்கப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. யூனிக்ஸ் வழிவந்தவை போதிய அளவு நன்றாகவே இருந்தன. போதிய அளவு நன்றாக உள்ளதை விட்டு எவரும் மிக நன்றானதைத் தேடிப் போவதில்லை.

அம்முறைமையின் பிள்ளைப் பருவத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். உலக எழுத்துகள் அனைத்திற்கும் ஒவ்வோர் எண் கொடுக்கும் ஒருங்குறி என்னும் திட்டம் 1991-இல் வெளிவந்திருந்தது. தமிழும் அதில் இடம்பெற்றிருந்தது. ஆனால் அவ்வெண்களைக் கணிப்பொறியில் எவ்வாறு எழுதிவைப்பது? ஆங்கிலத்திற்காகப் பிறந்த பழைய நிரல்கள் அனைத்தும் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்னும் கணக்கில் நின்றன. அவற்றைக் குலைக்காமல் புதிய எழுத்துகளைப் புகுத்தல் வேண்டும். 1992 செப்டம்பரில், தரக்குழு ஒன்று தான் வகுத்த முறையைப் பற்றிக் கருத்துக் கேட்டு இவ்விருவரையும் அணுகிற்று. நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் இரவு உணவுக்கு அமர்ந்தபோது, தட்டுக்குக் கீழே விரிக்கும் தாளில் கென் தாம்சன் மாற்று முறையை வரைந்துவிட்டார். சில நாள்களுக்குள் பிளான் 9 முழுவதும் அம்முறைக்கு மாறியது. இன்று யு.டி.எப்.-8 என வழங்குவது அதுவே.

அதன் நுட்பம் எளிது. ஆங்கில எழுத்து பழையபடி ஒரே பைட். மற்றவற்றிற்கு இரண்டு, மூன்று எனப் பல பைட்டுகள். ரயில் வண்டியில் எஞ்சினையும் பெட்டியையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிகிறோம் அல்லவா? அதுபோல், எழுத்தைத் தொடங்கும் பைட்டும் தொடர்ந்துவரும் பைட்டும் தத்தம் முன்னடையாளத்தால் வேறுபட்டு நிற்கும். நடுவே ஓர் எழுத்து சிதைந்தாலும் அடுத்த எழுத்திலிருந்து பிழையின்றிப் படிக்கலாம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்கிறது. ஆங்கிலத்தைப்போல் மும்மடங்கு என்று குறைகூறுவோர் உண்டு. குறை மெய்யே. என் நெகிழ்வட்டில் இருந்த பழைய தமிழோ குறிக்கு ஒரே பைட்டில் அடங்கியிருந்தது. ஆனால் அதைப் படிக்க ஒரு காலத்தையே எழுப்ப வேண்டியிருந்தது. எழுத்துருக் குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடிப் பொதுக் குறியீடுகளை வகுத்ததும், பின்னர் நாம் அனைவரும் ஒருங்குறிக்கு வந்து சேர்ந்ததும் தனிக் கதை. இன்று நீங்கள் நண்பர்க்குத் தமிழில் அனுப்பும் செய்தி, தோற்றுப்போன ஒரு முறைமைக்காக ஓர் இரவில் வரைந்த கணக்கில்தான் பயணம் செய்கிறது.

பிளான் 9-இன் வேறு உறுப்புகளும் இவ்வாறே ஊர்விட்டு ஊர் போய் வாழ்கின்றன. பொறிக்கும் பொறிக்கும் இடையே கோப்புகளைப் பகிர அது வகுத்த 9பி என்னும் நெறியை, விண்டோசுக்குள் லினக்சை இயக்கும் ஏற்பாட்டில் 2019 முதல் மைக்ரோசாப்ட் நிறுவனம் பயன்படுத்தியது. நான் சொன்ன கியூ-எமுவும், வெளிப்பொறியின் கோப்பை உட்பொறிக்குக் காட்ட இதே நெறியைக் கையாள வல்லது.

இவற்றை எழுப்பிப் பார்க்க விரும்பும் மாணவர்க்கு இரண்டொரு நடைமுறைச் செய்திகள். புதுப்பொறி வேண்டியதில்லை. உட்பொறிக்கு வழங்கும் நினைவகத்தை உங்கள் பொறியின் நினைவகத்தில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றம் செய்யுமுன் உட்பொறியின் நிலையைப் படியெடுத்து வைத்துக்கொண்டால், எதை உடைத்தாலும் ஒரு நொடியில் பழைய நிலைக்குத் திரும்பலாம். அஞ்ச வேண்டா, உடைத்துப் பாருங்கள். நான் மினிக்சை நான்கு முறை உடைத்தேன்.

சென்ற மாதம், பிளான் 9-ஐ எழுப்பி, 'தமிழ்' என்னும் ஒரே சொல் உள்ள கோப்பை உள்ளே அனுப்பினேன். அங்கே தமிழ் எழுத்துரு இல்லாமையால் திரையில் எழுத்து வடிவம் பெறவில்லை. எழுத்துக் குறிகளை எண்ணும் ஆணையைக் கொடுத்தேன். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, ஐந்து என்றது. பைட்டுகளை எண்ணச் சொன்னேன். 15 என்று விடை வந்தது.